நாலு சக்கரம் ஒரு பணம்

திருவிதாங்கூர் வெள்ளிச் சக்கரம் மிகச் சிறிய நாணயம். குறுக்களவு ஆறேழு மில்லிமீட்டர், எடை அரைக் கிராமுக்கும் கீழே. உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரிவதில்லை. ஈரக் கையால் தொட்டால் விரலில் ஒட்டிக்கொண்டு வரும். வட்டம் என்று பெயருக்குத்தான் சொல்லலாம். ஒரு பக்கம் பிதுங்கி, இன்னொரு பக்கம் சப்பி, விளிம்பில் எங்காவது மயிரிழை வெடிப்போடு இருக்கும். முகத்தில் சில புள்ளிகள், ஒரு வளைகோடு, இன்னொரு கோட்டின் தொடக்கம். அந்தக் கோடு எங்கே போய் முடிகிறது என்று பார்ப்பதற்குள் நாணயம் முடிந்துவிடுகிறது.

அச்சு பெரியது, வெள்ளித் துண்டு சிறியது. அதுதான் காரணம். கீழச்சின் மேல் துண்டை வைத்து, மேலச்சைக் கையால் பிடித்து, சுத்தியலால் ஓங்கி அடிக்கும்போது அச்சில் வெட்டியிருக்கும் உருவத்தில் ஒரு பகுதிதான் வெள்ளியில் விழும். எந்தப் பகுதி என்பது அந்த நொடியில் துண்டு எங்கே உட்கார்ந்தது, கை எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதைப் பொறுத்தது. ஒரே அச்சில் அடித்த நூறு சக்கரங்களை வரிசையாக வைத்தால் ஒன்றில் மேல்மூலை இருக்கும், ஒன்றில் நடு இருக்கும், ஒன்றில் ஓரத்துப் புள்ளிகள் மட்டும் இருக்கும். அச்சு வெட்டியவன் மனதில் இருந்த முழு உருவம் எந்த ஒரு நாணயத்திலும் இல்லை. அது நூறு நாணயங்களிலும் சிதறிக் கிடக்கிறது. நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருவது இதைப் பற்றித்தான்.

மயிலாடியில் இதைப் பேசுவதற்கு ஒரு வசதி உண்டு. நாகர்கோவிலுக்குக் கிழக்கே, சுசீந்திரத்துக்கும் தேரூருக்கும் பக்கத்தில் இருக்கும் இந்த ஊரில் உளியும் சுத்தியலும் இன்றும் அன்றாடப் பொருட்கள். தெருவோரக் கொட்டகைகளில் பாதி முடிந்த பிள்ளையார்களும் நந்திகளும் படுத்திருக்கும். கிரைண்டர் வந்து கல் வெட்டும் வேலையின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. அதன் வெள்ளைத் தூசு வாழை இலைகள் மேலெல்லாம் படிகிறது. ஆனாலும் கண், மூக்கு, விரல் என்று வரும்போது கிரைண்டரை நிறுத்திவிட்டு உளியைத்தான் எடுக்கிறார்கள். தெரிந்த வீடொன்றில் மாத்திரை டப்பிக்குள் கிடந்த சில சக்கரங்களை இரவல் வாங்கி, வயதான கல்தச்சர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒன்றைக் கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்துக் கண்ணருகே கொண்டுபோனார்.

“இது எங்க உள்ள சக்கரம்?”

“நம்ம ஊருல ஒரு வீட்டுல இருந்தது அண்ணாச்சி. மகாராசா காலத்துக் காசு.”

“அடிச்சவன் நல்ல கைக்காரன்தான் கேட்டியா மக்கா. அடி சரியா விழுந்திருக்கு. இடது கையிலதான் பிசகு. மேல பிடிச்சது சரிஞ்சுபோச்சு. பாரு, இந்தப் பக்கம் ஆழம், அந்தப் பக்கம் மேலோட்டம்.”

அவர் சொன்ன பிறகுதான் நான் அதைப் பார்த்தேன். நாணயவியல் நூல்களில் இதை மையம் விலகிய அச்சு என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அவரோ ஒரு கையை மன்னித்து இன்னொரு கையின் மேல் குற்றம் சொன்னார். இன்னொரு சக்கரத்தில் புள்ளிகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. “ரெண்டு அடி அடிச்சிருக்கான். மொத அடியில துள்ளிட்டு” என்றார். எத்தனையோ பேர் கைமாறித் தேய்ந்த வெள்ளியில், அதை அடித்தவனின் ஒரு நொடித் தடுமாற்றம் அப்படியே உறைந்து நிற்கிறது. அரசாணைகளிலும் வரிக்கணக்குகளிலும் இடம் கிடைக்காத மனிதன் ஒருவன் தன் இடதுகையைப் பதித்துவிட்டுப் போயிருக்கிறான்.

சுத்தியலால் நாணயம் அடிக்கும் முறை உலகம் முழுவதும் ஒன்றாகவே இருந்தது. இடைக்கால ஸ்காட்லாந்தின் வெள்ளிப் பென்னிகளைப் படங்களில் பார்க்கும்போது எனக்கு முதலில் கண்ணில் பட்டது இந்த உறவுதான். அங்கே கீழச்சை மரக்கட்டையில் ஆணிபோல் இறக்கி நிறுத்துவார்கள், மேலச்சு கையில் இருக்கும். சுத்தியலை நேராக வாங்குவதால் மேலச்சுதான் சீக்கிரம் தேயும். கீழச்சு ஒன்று தேய்வதற்குள் மேலச்சு இரண்டு மூன்று மாறிவிடும். ஸ்காட்லாந்துக்கென்று சொந்த நாணயம் வந்ததே ஒரு படையெடுப்பால்தான். 1136இல் முதலாம் டேவிட் அரசன் எல்லை தாண்டி கார்லைல் நகரைப் பிடித்தபோது அங்கிருந்த நாணயப் பட்டறையும், பக்கத்து மலைகளில் இருந்த வெள்ளிச் சுரங்கமும் சேர்ந்து கைக்கு வந்தன. அதுவரை அந்த நாட்டு அரசர்கள் யாரும் தங்கள் பெயரில் காசு அடித்திருக்கவில்லை.

அந்தப் பென்னியின் எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிராம். சாதாரண மனிதனுக்கு அது பெரிய காசு. சந்தையில் ஒரு ரொட்டி வாங்க முழுப் பென்னி தேவையில்லை. அதனால் நாணயத்தின் பின்புறம் இருந்த சிலுவைக் கோட்டின் மேலேயே கத்தரி வைத்து இரண்டாக, நான்காக வெட்டிக்கொண்டார்கள். 1280இல் மூன்றாம் அலெக்சாண்டர் காலத்துப் புது நாணயங்கள் வந்தபோதுதான் அரைக்கும் காலுக்கும் வட்டமான தனிக் காசுகள் அங்கே அடிக்கப்பட்டன. அந்தக் கால் பென்னியின் எடை நம் சக்கரத்தின் எடைக்கு மிக அருகில் வருகிறது. ஒன்றையொன்று அறியாத இரண்டு நாடுகள். ஒன்று வடகடலோரம், ஒன்று குமரிமுனை. நடுவே நூற்றாண்டுகளின் தூரம். ஏழையின் கையில் தரக்கூடிய மிகச் சிறிய வெள்ளி எவ்வளவு என்ற கேள்விக்கு இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே விடை கிடைத்திருக்கிறது. அதைவிடச் சிறிதாக்கினால் விரலால் பிடிக்க முடியாது, அடிப்பவனுக்கும் கட்டாது.

ஆனால் ஸ்காட்லாந்துக் காசுகள் பேசும், நம் சக்கரம் பேசாது. அங்கே அரசன் தலை இருக்கும். இங்கிலாந்து அரசர்கள் நேர்முகமாகப் பார்க்க, ஸ்காட்லாந்து அரசர்கள் பெரும்பாலும் பக்கவாட்டில், முன்னால் ஒரு செங்கோலோடு நிற்பார்கள். சுற்றிலும் அரசன் பெயர். பின்புறத்தில், அந்தக் காசின் தரத்துக்குப் பொறுப்பேற்ற பட்டறைக்காரனின் பெயர். சிங்கம் வில்லியம் என்று அழைக்கப்பட்ட அரசனின் காலத்தில், 1195க்குப் பிறகு வந்த காசுகளில் ஹ்யூ, வால்டர் என்ற இருவர் பெயர் சேர்ந்தே காணப்படுகிறது, எந்த ஊர்ப் பட்டறை என்பதுகூட இல்லாமல். எண்ணூறு ஆண்டுகள் கழித்தும் அந்த இரண்டு பெயர்களையும் வாசிக்கிறோம். எடை குறைந்தாலோ வெள்ளியில் கலப்படம் இருந்தாலோ பிடிபடப் போகிறவர்கள் அவர்கள். அதற்காகத்தான் பெயர் வெட்டப்பட்டது. 1280க்குப் பிறகு அந்தப் பெயர்களும் போய்விட்டன. பின்புறத்தில் நட்சத்திரங்கள் மட்டும் நின்றன. அவற்றின் முனைகளை எண்ணினால் எந்தப் பட்டறை என்று தெரியும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பெயர் இருந்த இடத்தில் எண்ணிக்கை வந்துவிட்டது. சுத்தியல் பிடித்தவன் பெயரோ எந்தக் காலத்திலும் அங்கே இருந்ததில்லை. ஹ்யூவும் வால்டரும் பொறுப்பாளர்கள். அடித்தவர்கள் வேறு.

நம் பக்கத்தில் நாணயத்தில் முகம் போடும் வழக்கம் இல்லாமல் இல்லை. கரூரில் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த சேரர் வெள்ளிக் காசுகளில் பக்கவாட்டுத் தலையும், மேலே மாக்கோதை என்ற பெயரும் உண்டு. இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றைப் படித்து வெளியிட்ட பிறகு சங்க கால நாணயங்களைப் பற்றிய பேச்சே மாறிப்போனது. ரோமானியக் காசைப் பார்த்து வந்த பழக்கமாக இருக்கலாம். அந்த முகங்களில் ஒரு அரசனின் தாடையும் மூக்கும் தெரிகின்றன. அதே சேர நாட்டின் தென்கோடியில், பல நூற்றாண்டு கழித்து அடித்த சக்கரத்தில் ஒரு மனித முகமும் இல்லை, பெயர் இல்லை, ஆண்டு இல்லை. 1750இல் மார்த்தாண்ட வர்மா தன் நாட்டையே பத்மநாபசாமிக்குத் திருப்படிதானமாக எழுதிக் கொடுத்து, அரசன் பத்மநாபதாசன் என்று ஆனார். நாடு சாமியுடையது என்றால் காசில் தாசனின் முகத்துக்கு என்ன வேலை என்று எனக்குத் தோன்றும். ஆனால் அதற்கும் முன்னால் இருந்தே தென்னாட்டுச் சிறு பணங்களில் புள்ளியும் கோடும்தான். முந்தைய தலைமுறையின் காசைப் பார்த்து அடுத்த தலைமுறை அச்சு வெட்டும். அதைப் பார்த்து இன்னொன்று. சிங்கமோ பன்றியோ முதலையோ, தொடக்கத்தில் ஏதோ ஒரு உருவமாக இருந்தது, பார்த்துப் பார்த்து வெட்டியதில் கோடாகச் சுருங்கிவிட்டது. மக்களுக்கு உருவம் புரிய வேண்டியதில்லை. பழகிய காசு போலவே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கணக்கு வாய்பாடாகவே இருந்தது. பதினாறு காசு ஒரு சக்கரம். நாலு சக்கரம் ஒரு பணம். ஏழு பணம் ஒரு சர்க்கார் ரூபாய், அதாவது இருபத்தெட்டு சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டு சக்கரமும் எட்டுக் காசும். இந்த அரைச் சக்கர வித்தியாசத்தில் எத்தனை வியாபாரிகள் பிழைத்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கலாம். ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டி நெல்லைச் சீமைக்குப் போகிறவன் ஒவ்வொருவனும் அந்த எட்டுக் காசைப் பற்றி யோசித்திருக்க வேண்டும். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், சர்க்கார் ரூபாய் என்று ஒரு நாணயமே அடிக்கப்படவில்லை என்பது. கணக்குப் புத்தகத்தில் அது உண்டு, கையில் கிடையாது. இடைக்கால ஸ்காட்லாந்திலும் இதே கதை. 240 பென்னி ஒரு பவுண்டு, 12 பென்னி ஒரு ஷில்லிங். ஆனால் பவுண்டு என்றோ ஷில்லிங் என்றோ கையில் பிடிக்க ஒரு காசு அந்தக் காலத்தில் இல்லை. பெரிய தொகைகள் எல்லாம் எழுத்தில் மட்டும் வாழ்ந்தன. எண்ணியவர்கள் சின்னக் காசைத்தான் எண்ணினார்கள்.

எண்ணுவது பெரும்பாடு. ஆயிரம் சக்கரத்தை ஒவ்வொன்றாக எண்ண உட்கார்ந்தால் விரல் மரத்துவிடும், காற்று அடித்தால் கணக்குத் தப்பிவிடும். அதற்காகத் திருவிதாங்கூரில் சக்கரப்பலகை என்று ஒரு சாமான் இருந்தது. பலகையில் வரிசை வரிசையாகக் குழிகள். ஒவ்வொரு குழியும் சரியாக ஒரு சக்கரத்தின் அகலம், ஒரு சக்கரத்தின் ஆழம். ஒரு பிடி நாணயத்தை அள்ளி அதன் மேல் போட்டு, பலகையை இப்படியும் அப்படியும் ஆட்டினால் ஒவ்வொரு குழியிலும் ஒன்று போய் உட்காரும். மிச்சத்தைக் கையால் வழித்துவிடுவார்கள். குழி எல்லாம் நிறைந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தால் போதும், தொகை சரி. கருவூலம், கோயில், பெரிய கடை, வரி வாங்கும் இடம் எல்லாவற்றிலும் இது புழங்கியது.

இந்தப் பலகையைப் பற்றி யோசிக்க யோசிக்க எனக்கு அது நாணயத்தைவிட முக்கியமானதாகத் தெரிகிறது. பலகை முத்திரையைப் பார்ப்பதில்லை. உருவம் நடுவில் விழுந்ததா, ஓரத்தில் விழுந்ததா, இரண்டு அடியா, தேய்ந்ததா என்று அதற்குக் கவலையில்லை. அதற்குத் தெரிந்தது ஒரு அளவு. கம்மட்டத்தில் அடித்தவன் கை சாய்ந்தாலும், துண்டு வெட்டியவன் கை சாயவில்லை என்று அது நம்புகிறது. ஒவ்வொன்றும் வேறாக இருக்கும் ஆயிரம் காசுகளை, வேறுபாட்டைத் தொந்தரவு செய்யாமல், ஒரே தொகையாக ஏற்றுக்கொள்ள ஒரு தச்சன் கண்டுபிடித்த வழி அது. யந்திரம் வந்து எல்லாக் காசையும் ஒன்றுபோல் ஆக்கிய பிறகுதான் கணக்கு சாத்தியம் என்று நினைக்கிறவர்களுக்கு இந்தப் பலகையைக் காட்டலாம்.

பலகையில் குழிகள் நிறையும்போது, அந்தச் சக்கரங்கள் எங்கிருந்து வந்தன என்று மயிலாடியில் இருந்து பார்த்தால் வேறு ஒரு சித்திரம் கிடைக்கிறது. பனையேறிகளும், தறிக்காரர்களும், வயலில் கூலிக்கு நின்றவர்களும் வாழ்ந்த ஊர்கள் இவை. பதினாறு வயது முதல் அறுபது வயது வரையான ஆண்களுக்குத் தலைவரி இருந்தது, அதுவும் எல்லாச் சாதிக்கும் இல்லை, அடித்தட்டில் வைக்கப்பட்ட சாதிகளுக்கு. பனை ஏறுவதற்கும், ஏறப் பயன்படும் ஏணிக்கும் தளைநாருக்கும்கூட வரி இருந்த நாடு இது. அந்த வரியின் வயது சின்னதல்ல. 849ஆம் ஆண்டைச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில், வேணாட்டு அய்யனடிகள் விட்டுக்கொடுத்த வரிகளின் பட்டியலில் ஏணிக்காணமும் தளைக்காணமும் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டாகப் பனையேறியின் காலிலும் ஏணியிலும் காசு கறந்திருக்கிறார்கள். அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் பாதுகாத்த ஓலைகளை அ.கா. பெருமாள் பதிப்பித்திருக்கிறார். அவற்றில் நிலம் விற்ற ஓலைகளோடு ஆள் விற்ற ஓலைகளும் உண்டு. நாஞ்சில் நாட்டில் பணத்துக்கு மனிதரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 1855இல்தான் திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஒழிப்பதாக அறிவித்தது. ஒரு பணத்தில் நாலு சக்கரம் என்ற வாய்பாட்டைச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஸ்காட்லாந்து இந்தக் கதைக்குள் இன்னொரு வழியாகவும் வருகிறது. 1800 முதல் 1810 வரை திருவிதாங்கூரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்த காலின் மெக்காலே ஸ்காட்லாந்துக்காரர். அவருக்கு அடுத்து 1819 வரை அந்தப் பதவியிலும், நடுவில் திவானாகவும் இருந்த ஜான் மன்றோவும் ஸ்காட்லாந்தின் வடக்குச் சீமைக்காரர்தான். 1805 உடன்படிக்கையின்படி திருவிதாங்கூர் கம்பெனிக்கு ஆண்டுதோறும் எட்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். பின்னாளைய மதிப்பில் சக்கரமாக மாற்றினால் அது 2 கோடியே 28 லட்சம் சக்கரம். எந்த நாணயமாகக் கப்பம் போய்ச் சேர்ந்தாலும், கீழே அது கிளம்பிய இடம் சந்தைச் சுங்கமும் தலைவரியும் நிலவரியும்தான். திவான் வேலுத்தம்பியின் கலகம் அந்தச் சுமையிலிருந்துதான் தொடங்கியது. 1809 பிப்ரவரியில் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழிக் கோட்டையை உடைத்து உள்ளே வந்தது.

அதே ஆண்டில் மயிலாடியில் கல்லால் ஒரு சிறிய ஆலயம் எழுந்தது. ஊர்க்காரரான மகாராசன் சிதம்பரத்துக்கு யாத்திரை போன பயணத்தில் தஞ்சாவூர் மிஷனரிகளைச் சந்தித்து, வேதமாணிக்கம் ஆகித் திரும்பினார். அவர் அழைப்பில் ஜெர்மானியரான ரிங்கல்தௌபே 1806இல் கணவாய் வழியாக இந்த நாட்டுக்குள் வந்தார். தென் திருவிதாங்கூரின் முதல் சீர்திருத்தச் சபை ஆலயம் இங்கே அமைந்த வரலாறு அது. கட்ட அனுமதி கிடைத்தது மெக்காலே வழியாக. கல் உடைத்தவனுக்கும் சுண்ணாம்பு அரைத்தவளுக்கும் அன்று மாலை கூலி எந்தக் காசில் போயிருக்கும்? இந்த நாட்டின் சிறு கொடுக்கல் வாங்கல் எல்லாம் பணமும் சக்கரமும் காசும்தான். அந்தக் கூலிச் சக்கரம் வீட்டுக்குப் போய், மறுபடி தலைவரியாகப் பார்வத்தியகாரனின் கைக்குத் திரும்பியிருக்கும். 1815இல் தலைவரி நீக்கப்பட்டது. மன்றோ ரெசிடெண்டாக இருந்த காலம் அது. மறு ஆண்டில் ரிங்கல்தௌபே உடல் நலம் கெட்டு ஊரை விட்டுப் போனார். கப்பல் ஏறியவரைப் பற்றி அதன் பிறகு தகவல் இல்லை. வேதமாணிக்கத்தின் பெயரும் அவர் பெயரும் சேர்ந்து மயிலாடி ஆலயத்துக்கு இன்று பெயராக நிற்கின்றன. இவர்களுக்குப் பெயர் கிடைத்தது. வரி கட்டியவர்களுக்கு இல்லை. அவர்கள் தொட்ட வெள்ளி மட்டும் இருக்கிறது, அதிலும் பெயர் இல்லை.

இதனால்தான் எனக்கு அந்த முழுமையில்லாத முத்திரை முக்கியமாகப் படுகிறது. மிஷனரிக் கடிதத்தில் ஒரு ஓரம் தெரிகிறது, முதலியார் ஓலையில் இன்னொரு ஓரம். சுசீந்திரம் கோயிலைப் பற்றி கே.கே. பிள்ளை 1953இல் வெளியிட்ட பெரிய நூலில் கோயில் வரவு செலவின் ஒரு பகுதி. செப்பேட்டில் வரியின் பெயர். எதிலும் மனிதர்கள் முழுதாக இல்லை. இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் அறுந்த கோடு இன்னொன்றில் தொடர்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. நாணயவியலில் அச்சை மீட்டெடுப்பவர்கள் செய்வதும் இதுதான். பல காசுகளின் படங்களை ஒன்றன் மேல் ஒன்று பொருத்தி, மறைந்த அச்சை வரைந்து எடுப்பார்கள். அதற்குக் காசுகள் கூட்டமாகக் கிடைக்க வேண்டும். ஒரு அழகான காசு போதாது.

இங்கேதான் எனக்குக் கவலை. சங்கப் பாடல் எழுதியவர்களில் வண்ணக்கன் என்ற பட்டம் கொண்டவர்கள் பலர் உண்டு. வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார் என்று. காசின் மாற்றும் எடையும் பார்ப்பது அவர்கள் தொழில். காசை நோட்டம் பார்ப்பவன் கவிஞனாகவும் இருந்த மரபு நம்முடையது. அவர்கள் கை வழியாகப் போனவை எல்லாக் காசுகளும், நல்லதும் தேய்ந்ததும். இன்று சேகரிப்பவர்கள் தேடுவது வேறு. முத்திரை நடுவில் விழுந்தது, வெடிப்பில்லாதது, கறுக்காதது. ஒரு குடத்தில் கிடைத்த ஐந்நூறு சக்கரத்தில் இருபதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு மிச்சத்தை எடைக்குப் போடுகிறார்கள். கோடாலித் தைலம் விற்கும் கடை வரிசையிலும், இணையத்தில் பத்துப் பத்தாகப் பொட்டலம் கட்டியும் சக்கரம் விற்கிறது. எந்த ஊர், எந்த வீடு, எதனோடு சேர்ந்து கிடைத்தது என்ற தகவல் முதல் கைமாற்றத்திலேயே போய்விடுகிறது. அந்தத் தகவல் போன பிறகு மிஞ்சுவது அரைக் கிராம்கூட இல்லாத வெள்ளி.

ஸ்காட்லாந்தில் 1886இல் அபர்தீன் நகரத் தெருவொன்றில் கட்டட வேலைக்குத் தோண்டியபோது வெண்கலப் பானை ஒன்று கிடைத்தது. உள்ளே 12,000க்கும் மேற்பட்ட வெள்ளிப் பென்னிகள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை இங்கிலாந்துக் காசுகள், ஸ்காட்லாந்து அரசர்களுடையவை சிறு பங்குதான். பானையைக் கலைக்காமல் எண்ணியதால்தான் இது தெரிந்தது. சொந்த அரசன் முகம் போட்ட காசு அடித்த நாட்டிலும் சந்தையில் அதிகம் ஓடியது பக்கத்து நாட்டுக் காசு என்பதை எந்த ஒரு அழகான பென்னியும் தனியாக நின்று சொல்லியிருக்க முடியாது. அங்கே மண்ணில் கிடைப்பது அரசுக்குச் சொந்தம், சொல்லியாக வேண்டும் என்பது பழைய சட்டம். இங்கேயும் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கண்டெடுத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் காலத்துக் கணக்கில் பத்து ரூபாய் என்பது 285 சக்கரம், ஒரு சின்னச் செம்பு நிறைவதற்குள் முடிந்துபோகும். சட்டம் அந்த அளவுக்குச் சின்னப் புதையலையும் மனதில் வைத்தே எழுதப்பட்டிருக்கிறது.

சக்கரத்தின் முடிவு சத்தமில்லாமல் வந்தது. இருபதாம் நூற்றாண்டு தொடங்கும்போது சக்கரம் செம்பாகிவிட்டது. யந்திரத்தில், நல்ல வட்டமாக, சங்கு முத்திரையோடு. பெயர் அதேதான், வெள்ளி இல்லை, கை இல்லை. 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது அதுவும் நின்றது. நாஞ்சில் நாடு 1956இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் துட்டைச் சக்கரம் என்றுதான் சொன்னார்கள். வெள்ளிச் சக்கரங்களில் பெரும்பகுதி தட்டாசாரிமார் மூசையில் உருகி அரைஞாண் கொடியாகவும் கொலுசாகவும் ஆகிவிட்டது. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, குழந்தையின் இடுப்பில் ஏறிய வெள்ளி நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கிறது. தகவல் இல்லாமல் சிதறுவதுதான் நட்டம்.

மயிலாடியிலும் தேரூரிலும் சுசீந்திரத்திலும் பழைய பெட்டிக்குள், மாத்திரை டப்பிக்குள், சாமி அலமாரியின் மூலையில் இன்னும் சக்கரங்கள் கிடக்கின்றன. விற்கிறவர்கள் விற்கட்டும். ஆனால் விற்பதற்கு முந்தின நாள் அவற்றைக் கழுவாமல், புளி போட்டுத் தேய்க்காமல், ஒரு வெள்ளைத் தாளில் பரப்பி, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து இரண்டு பக்கமும் படம் எடுக்க வேண்டும். நகைக்கடைத் தராசு கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடை போட்டு, படத்துக்கு நேரே அந்த எடையை எழுத வேண்டும். வீடு எந்த ஊர், யார் வழி வந்தது, கூடவே வேறு என்ன காசு இருந்தது, எத்தனை இருந்தது, இவ்வளவு போதும். தேய்ந்தவை, வெடித்தவை, இரண்டு அடி வாங்கியவை எதையும் விடக்கூடாது. அந்தத் தாளின் ஒரு பிரதி கன்னியாகுமரி அரசு அருங்காட்சியகத்துக்கோ, பக்கத்துக் கல்லூரியின் வரலாற்றுத் துறைக்கோ போகலாம். அந்த மாத்திரை டப்பியில் இருந்தவற்றுக்கு இதைச் செய்து, வீட்டுக்காரர்களிடம் தாளோடு திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த வீட்டில் ஒரு செம்பு இருக்கிறதாம், கோயில் கொடை முடிந்ததும் இறக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.